ஜெயிச்ச ராக்கெட்டைத் திறந்து காட்டணுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் தொகுத்திருக்கிறோம்.)

இன்னிக்கு ரெண்டு விதமான ராக்கெட்டைப் பத்திப் பேசப்போறேன். ஒன்னு, இரும்புக் குழாய்க்குள்ள மருந்து கெட்டிச்சு, காஞ்சிபுரம் பக்கத்துல கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைக் கதிகலங்க வச்ச ராக்கெட். இன்னொன்னு, ரப்பர் பேண்டை முறுக்கி, நரம்புல தொங்கவிட்டு, எங்க கே.கே. நகர்ல பசங்க ரேஸ் விடுற ராக்கெட். முதலாவது ஒரு சாம்ராஜ்யத்தோட ஆயுதம். ரெண்டாவது ஐம்பது ரூபாய்ச் சமாச்சாரம். ஆனா மனுஷன் பறந்த கதையில, அந்த முறுக்கின ரப்பருக்கு நாம நினைக்கிறதைவிடப் பெரிய பங்கு இருக்கு. அது ஏன்னு தேடிப் போனா, ஒரு பழைய கேள்வியில போய் நிக்குது: ஒரு வித்தை தெரிஞ்சா அதைப் பூட்டி வைக்கணுமா, திறந்து காட்டணுமா?

பேருதான் ராக்கெட்

முதல்ல அந்தப் பொருளைப் பாத்துடலாம். அமெரிக்கச் சாரணர் இயக்கத்துல சின்னப் பசங்க பிரிவு இருக்கு. நம்ம ஊர்ல குருளையர்னு சொல்வோமே, அது. 1953-ல கலிஃபோர்னியாவுல டான் மர்ஃபின்னு ஒரு குருளையர் தலைவர், பசங்க தாங்களே மரக்கட்டையைச் செதுக்கிச் சின்னக் கார் செஞ்சு, சரிவுல உருட்டிவிடுற ரேஸை ஆரம்பிச்சார். பெரிய பசங்க ஓட்டுற கார் ரேஸ்ல சேர அவர் பையனுக்கு வயசு பத்தல. அதான் காரணம். பிறகு, உலகமே விண்வெளி விண்வெளின்னு பேசின காலம் வந்தப்போ, காரோட தம்பியா வந்ததுதான் இந்த ராக்கெட் ரேஸ்.

அமைப்பு ரொம்ப எளிமை. லேசான பால்சா மரத்துல ராக்கெட் மாதிரி ஒரு உடம்பு. உள்ளே குடைஞ்சிருக்கும். அந்தக் குடைவுக்குள்ள ரப்பர் பேண்ட். பின்னாடி ஒரு ப்ரொப்பெல்லர். முதுகுல ஒரு கொக்கி. சுமார் 100 அடி தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, கொக்கியை அதுல மாட்டி, ப்ரொப்பெல்லரை முறுக்கி விட்டா, நரம்பைப் பிடிச்சுக்கிட்டே சர்ருன்னு போகும்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கு. இது ராக்கெட்டே இல்ல. ராக்கெட் தன் வயித்துக்குள்ள இருக்கிறதையே பின்னாடி பீச்சி முன்னாடி போகும். அதுக்குக் காத்து தேவையில்ல, அதனாலதான் விண்வெளியில வேலை செய்யுது. நம்ம ரப்பர் ராக்கெட் காத்தைப் பின்னாடி தள்ளித்தான் முன்னாடி போகுது. நிலாவுல கொண்டு போய் விட்டா ப்ரொப்பெல்லர் சுத்தும், ராக்கெட் நகராது. ஆக, இது ராக்கெட் சட்டை போட்ட விமானம். அதனால இதோட குடும்ப வரலாறைத் தேடணும்னா விமானத்தோட பக்கம்தான் போகணும்.

11 விநாடி

மரத்துப் பாலா வர்ற ரப்பர், வெயில்ல பிசுபிசுன்னு ஒட்டும், குளிர்ல கட்டையா விறைக்கும். 1839-ல சார்ல்ஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோட சேத்துச் சூடாக்கினா உறுதியாகுதுன்னு கண்டுபிடிச்சார். 1845 மார்ச் 17-ல லண்டன்ல ஸ்டீஃபன் பெர்ரி ரப்பர் பேண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். காகிதத்தையும் உறைகளையும் சேத்துக் கட்டறதுக்கு. இன்னிக்கும் நம்ம மளிகைக் கடையில அதே வேலைதான் பாக்குது.

இதை முறுக்கினா ஒரு இன்ஜின் கிடைக்கும்னு பாத்தவர் அல்ஃபோன்ஸ் பெனோ. பிரெஞ்சுக்காரர், 1850-ல பிறந்தவர். அப்பா கடற்படை அதிகாரி. இவருக்கு இடுப்பு எலும்பு நோய், அதனால கப்பலுக்குப் போக முடியல. பறக்கிறதைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சார். 1870-ல ரப்பரை முறுக்கி மேலே எழும்புற ஒரு சின்ன ஹெலிகாப்டர் பொம்மை செஞ்சார். அடுத்த வருஷம், 1871 ஆகஸ்ட் 18-ல, பாரீஸ் நகரத்துத் துய்லெரி தோட்டத்துல, பறக்கும் கலையில ஆர்வம் உள்ளவங்க கூடியிருக்க, ஒரு குட்டி விமானத்தை விட்டார். நீளம் சுமார் அரை மீட்டர். எடை 16 கிராம், அதாவது ரெண்டு மூணு ஐந்து ரூபாய் நாணயம் எடைதான். வட்டம் போட்டுக்கிட்டே 11 விநாடி, சுமார் 40 மீட்டர் பறந்தது.

அதுல பெரிய விஷயம் ரப்பர்கூட இல்ல, வால். பின்னாடி ஒரு சின்ன வால் இறக்கையைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சா, மூக்கு மேலே போனா அது கீழே இழுக்கும், கீழே போனா மேலே தூக்கும். யாரும் ஓட்டாமலே விமானம் தன்னைத்தானே சரி பண்ணிக்கும். இன்னிக்கு மீனம்பாக்கத்துல இறங்குற விமானங்களைப் பாருங்க, அதே வால்தான்.

பெனோ செஞ்ச இன்னொரு காரியம் நம்ம கதைக்கு முக்கியம். பறந்த சில மாசத்துல, 1872 ஜனவரியில, அது எப்படிப் பறந்ததுன்னு விளக்கமா ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில எழுதிட்டார். யார் வேணா படிக்கலாம், யார் வேணா செய்யலாம். அவரோட ஹெலிகாப்டர் மாதிரிப் பொம்மைகள் கடையிலயே விக்க ஆரம்பிச்சுது.

பிஷப் வாங்கி வந்த பொம்மை

1878. அமெரிக்காவின் அயோவா மாநிலம், சீடர் ராப்பிட்ஸ் ஊர். மில்டன் ரைட்னு ஒரு பிஷப். வெளியூர் போயிட்டு வந்தவர், பசங்களுக்கு ஒரு பொம்மை வாங்கிட்டு வந்தார். மூங்கில், தக்கை, காகிதம், ரப்பர் பேண்ட். பெனோவோட டிசைன்தான். கையிலிருந்து விட்டதும் கூரை வரைக்கும் பறந்து போய் முட்டிக் கீழே விழுந்தது. மூத்தவன் வில்பருக்கு 11 வயசு, இளையவன் ஆர்வில்லுக்கு 7.

பசங்க கையில பொம்மை எத்தனை நாள் தாங்கும்? உடைஞ்சது. உடைஞ்சதும் என்ன பண்ணாங்க? தாங்களே செஞ்சாங்க. அப்புறம் ஆசை வந்தது. இன்னும் பெருசா, இன்னும் பெருசான்னு செஞ்சு பாத்தாங்க. பெருசாகப் பெருசாகப் பறக்கவே இல்ல. அளவு ரெண்டு மடங்கானா சக்தி எட்டு மடங்கு வேணும்ங்கிறது அந்த வயசுல அவங்களுக்குத் தெரியாது. 1908-ல ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின கட்டுரையில இதையெல்லாம் சொல்றாங்க. உலகத்துக்கே விமானத்தைக் கொடுத்தவங்க, கதையை அந்த ரப்பர் பொம்மையிலிருந்துதான் தொடங்குறாங்க.

இப்போ ஒரு கணக்கு. 1903 டிசம்பர் 17. ரைட் சகோதரர்களோட முதல் பறத்தல் 12 விநாடி, தூரம் சுமார் 36.5 மீட்டர். பாரீஸ் தோட்டத்துல ரப்பர் விமானம் போனது 11 விநாடி, சுமார் 40 மீட்டர். 32 வருஷம் முன்னாடி, 16 கிராம் பொம்மை, கொஞ்சம் கூடவே போயிருக்கு! ஒன்னுல ஆள் இருந்தார், இன்னொன்னுல இல்ல. அது பெரிய வித்தியாசம்தான். ஆனா அந்த 32 வருஷத்துல பாரீஸ்லயும் அமெரிக்காவுலயும் யார் யாரோ வீட்டுல உக்காந்து ரப்பரை முறுக்கிப் பழகினாங்க. வாஷிங்டன்ல சாமுவேல் லாங்லி மாதிரிப் பெரிய விஞ்ஞானிகூட ரப்பர் மாடல்கள்லதான் ஆரம்பிச்சார்.

விமானம் நம்ம ஊருக்கும் சீக்கிரமே வந்துடுச்சு. 1910 மார்ச்ல, மவுண்ட் ரோட்டுல ஓட்டல் நடத்தின ஜாக்கோமோ டி'ஆஞ்செலிஸ், சிம்சன் கம்பெனி உதவியோட ஒரு விமானம் கட்டி, பல்லாவரம் பக்கம் சோதிச்சுட்டு, தீவுத்திடல்ல ஜனங்களுக்குப் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்களுக்கு அப்புறம் ஏழே வருஷத்துல, மெட்ராஸ்ல, ஒரு ஓட்டல்காரர்! வித்தை திறந்து கிடந்தா அது எவ்வளவு வேகமா ஊர் சுத்தும்ங்கிறதுக்கு இது ஒரு அளவுகோல்.

புள்ளலூர்ல வெடிச்சது, கிணத்துல கிடந்தது

இப்போ அடுத்த ராக்கெட்டுக்கு வருவோம், நிஜ ராக்கெட்டுக்கு.

காஞ்சிபுரம் பக்கத்துல புள்ளலூர்னு ஒரு கிராமம். 1780 செப்டம்பர் 10-ல, அங்கே கர்னல் வில்லியம் பெய்லி தலைமையில வந்த கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் சேர்ந்து சுத்தி வளைச்சாங்க. சண்டை நடுவுல பெய்லியோட வெடிமருந்து வண்டிகள் வெடிச்சுச் சிதறின. மைசூர் ராக்கெட் பட்டுத்தான் வெடிச்சுதுன்னு சொல்றவங்க உண்டு, பீரங்கிக் குண்டுன்னு சொல்றவங்களும் உண்டு. எப்படியோ, கம்பெனி அதுவரைக்கும் இந்தியாவுல கண்ட தோல்விகள்ல இது ரொம்ப மோசமான ஒன்னு. ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவர்ல திப்பு இதைப் பெரிய ஓவியமாவே வரைய வச்சார்.

மைசூர் ராக்கெட்டோட ரகசியம் இரும்பு. மத்தவங்க மூங்கில்லயோ அட்டையிலயோ குழாய் செஞ்சப்போ, இவங்க இரும்புல செஞ்சாங்க. இரும்பு உள்ளே எழும்புற அழுத்தத்தைத் தாங்கும். அழுத்தம் கூடினா வேகம் கூடும், தூரம் கூடும். ஒரு கிலோமீட்டரையும் தாண்டிப் போச்சு. குழாயோட ஒரு மூங்கிலையோ வாளையோ சேத்துக் கட்டி விட்டாங்க.

இவ்வளவு பெரிய வித்தை அப்புறம் என்னாச்சு? 1799 மே 4-ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். கிடைச்ச ராக்கெட்டுகளை பிரிட்டிஷார் இங்கிலாந்துக்கு, வூலிச் ஆயுதச் சாலைக்கு அனுப்பினாங்க. அங்கே வில்லியம் காங்கிரீவ் அதைப் பிரிச்சுப் பாத்து, 1804-லிருந்து சோதனை பண்ணி, தன் பேர்லயே ஒரு ராக்கெட்டைக் கொண்டுவந்தார். அதைப் பத்திப் புத்தகமும் எழுதினார். 1807-ல கோபன்ஹேகன் நகரத்து மேல அந்த ராக்கெட்டுகளையும் விட்டாங்க. மைசூர்ல அந்தக் குழாயை அடிச்ச கொல்லர்கள் பேர் எந்தப் பாடப் புத்தகத்துலயும் நிக்கல.

2018-ல கர்நாடகாவின் சிவமொக்கா மாவட்டம் நகரா கோட்டைப் பக்கம், தூர்ந்து போன ஒரு கிணத்தைத் தோண்டினப்போ, துருப்பிடிச்ச ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல கிடைச்சுது. யோசிச்சுப் பாருங்க. உலகத்துலயே முன்னேறின தொழில்நுட்பம், இருநூறு வருஷத்துக்கு மேல, ஒரு கிணத்துக்கு அடியில.

திப்பு பக்கமும் நியாயம் இருக்கு. எதிரி வாசல்ல நிக்கும்போது, ஆயுதத்தோட ரகசியத்தை யார் பத்திரிகையில எழுதுவா? அதனால இதுக்கு நான் யாரையும் குறை சொல்லல. நான் சொல்றது இவ்வளவுதான்: பூட்டி வச்ச வித்தை, கோட்டை நிக்கிற வரைக்கும்தான் நிக்கும்.

காலை ஏழு மணி, நாலு நரம்பு

இப்போ கே.கே. நகருக்கு வரேன். வீட்டு வசதி வாரியம் 1970-கள்ல செக்டர் செக்டரா பிரிச்சுக் கட்டின பகுதி இது. தெருவெல்லாம் அளவெடுத்த மாதிரி நேரா இருக்கும். எங்க பக்கத்துப் பசங்க பத்துப் பன்னிரண்டு பேர், ஞாயித்துக்கிழமை காலையில ஒரு அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்ல கூடுவாங்க. வண்டியெல்லாம் வெளியே எடுத்துட்டா நாலு நரம்பு கட்ட இடம் கிடைக்கும். நானும் கூட நிப்பேன். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடிச்சுடணும், ரப்பருக்கும் வெயில் ஆகாது, எங்களுக்கும் ஆகாது.

பால்சா மரம் விலை ஜாஸ்தி. அதனால உடம்புக்கு ஷட்டில் பந்து வர்ற அட்டைக் குழாய். மூக்குக்குத் தெர்மாகோல். அச்சுக்குச் சைக்கிள் ஸ்போக். ப்ரொப்பெல்லர் உரசாம சுத்த, நடுவுல ஒரு பாசிமணி. முதுகுக் கொக்கிக்கு ஜெம் கிளிப். ப்ரொப்பெல்லர் மட்டும் கடையில வாங்கினது. நூலுக்குத் தூண்டில் நரம்பு மட்டும்தான். மாஞ்சா பக்கமே போறதில்ல, அது கழுத்தை அறுக்கிற சமாச்சாரம், தடையும் இருக்கு.

முதல் வாரம் ஒரு ராக்கெட்டும் ஒழுங்கா போகல. விட்ட உடனே உடம்பே நரம்பைச் சுத்தித் தலைகீழா புரளும், சிக்கும், நிக்கும். எல்லாரும் ரப்பரைக் குத்தம் சொன்னாங்க. எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணுதான் உக்காந்து பாத்துட்டுச் சொன்னா: ப்ரொப்பெல்லர் இந்தப் பக்கம் சுத்தினா உடம்பு அந்தப் பக்கம் சுத்தப் பாக்குது, அதான் புரளுது. சரி, என்ன பண்ணலாம்? வயித்துப் பக்கம் கொஞ்சம் களிமண் ஒட்டினா. எடை நரம்புக்குக் கீழே தொங்கினதும் புரளல் நின்னுடுச்சு. ஹெலிகாப்டருக்கு ஏன் வால்ல ஒரு குட்டி விசிறி இருக்குன்னு அன்னிக்கு அங்கே இருந்த அத்தனை பேருக்கும் புரிஞ்சுது.

அடுத்து ரப்பர். அதை முறுக்கிறதுலயே ஒரு கலை இருக்கு. இருந்த இடத்துலயே முறுக்கினா சீக்கிரம் அறுந்துடும். ஒருத்தர் ராக்கெட்டைப் பிடிச்சுக்க, இன்னொருத்தர் ரப்பரை மூணு நாலு மடங்கு இழுத்துப் பிடிச்சு, பாதிச் சுத்து அப்படியே முறுக்கணும். மிச்சப் பாதியை முறுக்கிக்கிட்டே மெதுவா முன்னாடி நடந்து வரணும். அப்பதான் முடிச்சுகள் ஒரே சீரா விழும், ரெண்டு மடங்குக்கு மேல சுத்து ஏறும். ரப்பர் மேல கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவினா ஒன்னோட ஒன்னு உரசி அறாது. பழைய காலத்து மாடல் விமானக்காரங்க செஞ்சதும் இதேதான்.

மூணாவது வாரம் ஒரு பையனோட ராக்கெட் எல்லாத்தையும் ஓரம் கட்டிட்டுப் போச்சு. ஒரு தடவை இல்ல, அஞ்சு தடவை. எல்லாரும் சுத்தி நின்னு, எப்படிடா, உள்ளே என்ன வச்சிருக்க, காட்டுன்னாங்க. அவன் காட்டல. ராக்கெட்டைப் பைக்குள்ள போட்டு ஜிப்பை மூடிட்டான். "காட்டினா அடுத்த வாரம் நான் தோத்துடுவேன்ல?"

பதில் சொல்றது சுலபமா? அவன் கேட்டது நியாயமான கேள்வி. நாலு நாள் ராத்திரி உக்காந்து யோசிச்சுக் கண்டுபிடிச்சிருக்கான். அதை ஏன் சும்மா தூக்கிக் கொடுக்கணும்?

திறந்து காட்டினவருக்கு என்ன கிடைச்சுது?

பெனோவோட மிச்சக் கதையை நான் இன்னும் சொல்லல. அவர் பொம்மையோட நிக்கல. 1876-ல, பால் கோஷோன்னு ஒருத்தரோட சேர்ந்து, ஆள் போகிற நிஜ விமானத்துக்கே வரைபடம் போட்டுக் காப்புரிமை வாங்கினார். தண்ணியிலயும் இறங்கலாம், உள்ளே மடங்குற சக்கரம் இருக்கும், ஒரே பிடியில ஓட்டலாம். அதுக்கெல்லாம் இன்னும் முப்பது நாற்பது வருஷம் இருந்தது. காசு போட யாரும் வரல. கேலிதான் வந்தது. உடம்பும் ஒத்துழைக்கல. 1880-ல, முப்பது வயசுல, தன் உயிரைத் தானே மாய்ச்சுக்கிட்டார். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, அவர் பேர்கூடத் தெரியாத ரெண்டு பசங்க அயோவாவுல அவர் பொம்மையைப் பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

அதனால "திறந்து காட்டு, நல்லதே நடக்கும்"னு நான் பசங்களுக்குச் சொல்ல மாட்டேன். திறந்து காட்டினதால உலகத்துக்கு லாபம். பெனோவுக்கு அந்த லாபம் போய்ச் சேரல. ரெண்டும் உண்மை. ஒரு வித்தையைப் பகிர்ந்துக்கணும்னு கேக்கிறவங்க, பகிர்ந்துக்கிறவனுக்கு என்ன திருப்பிக் கொடுக்கப்போறோம்னும் சொல்லணும். குறைஞ்சது அவன் பேரையாவது.

அடையாறுல திறந்த கதவு

பூட்டுறது பொருளை மட்டும் இல்ல, ஆளையும்தான். இந்த மாதிரிப் பசங்க குழுவுக்கே நம்ம ஊர்ல ஒரு கதை இருக்கு.

இந்தியாவுல சாரணர் இயக்கம் 1909-ல பெங்களூர்ல ஆரம்பிச்சுது. யாருக்கு? ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பசங்களுக்கு. இந்தியப் பசங்களைச் சேத்துக்க அரசாங்கத்துக்குத் தயக்கம். அணிவகுப்பு, முதலுதவி, வரைபடம் படிக்கிறது, காட்டுல தங்குறது, இதையெல்லாம் இந்தியப் பசங்க கத்துக்கிட்டா நாளைக்கு நமக்கு எதிராவே திருப்புவாங்கன்னு பயம்.

1916-17 வாக்குல, அடையாறு பிரம்மஞான சபையிலிருந்த அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் சேர்ந்து, மெட்ராஸ்ல இந்தியச் சிறுவர்களுக்குன்னே ஒரு சாரணர் சங்கத்தை ஆரம்பிச்சாங்க. தலையில தலைப்பாகை, பாட்டெல்லாம் இந்தியப் பாட்டு. அதே காலத்துலதான் அம்மையார் சுயாட்சி கேட்டு இயக்கம் நடத்தினார், 1917-ல அதுக்காகக் காவல்லயும் வைக்கப்பட்டார். அரசாங்கத்தோட பயத்துல கொஞ்சம் அர்த்தம் இருந்ததுன்னு தோணுது இல்ல? 1921-ல சாரணர் இயக்கத்தை உருவாக்கின பேடன்-பவலே இந்தியா வந்தார். பெசன்ட்டோட சங்கம் பொது இயக்கத்தோட சேர்ந்தது. சுதந்திரத்துக்கு அப்புறம், 1950 நவம்பர் 7-ல, பிரிஞ்சு கிடந்த சங்கங்கள் ஒன்னாகி பாரத் சாரணர் சாரணியர் இயக்கம் ஆச்சு.

பதினோரு வயசுப் பையன் ஒருத்தன் முடிச்சுப் போடக் கத்துக்கிறதுக்கே ஒரு காலத்துல இந்த ஊர்ல சண்டை போட வேண்டியிருந்தது. கார் பார்க்கிங்ல நரம்பு கட்டும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

பலகையில எழுதின பேர்

அந்தப் பையன் கேள்விக்கு வரேன். நாங்க அவனைக் கட்டாயப்படுத்தல. பசங்களே ஒரு ரூல் போட்டாங்க. ஜெயிச்சவன் அன்னிக்குக் காட்ட வேண்டாம். அடுத்த வாரமும் அந்த ராக்கெட்லயே ஓடலாம். ஆனா அந்த ரேஸ் முடிஞ்சதும் திறந்து காட்டணும்: எத்தனை இழை ரப்பர், எத்தனை சுத்து, எடை எங்கே. யாராவது அந்த யோசனையை எடுத்துக்கிட்டா, தன் ராக்கெட் மேல கண்டுபிடிச்சவன் பேரை எழுதணும். ஒரு வாரம் உனக்கு, அப்புறம் ஊருக்கு, பேர் மட்டும் எப்பவும் உனக்கு. பெரியவங்க இதையே காப்புரிமைச் சட்டம்ங்கிற பேர்ல பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்காங்க.

அவன் திறந்து காட்டினான். ரப்பரைக் குறைச்சிருந்தான்! எல்லாரும் இழையைக் கூட்டிக்கிட்டே போனப்போ, இவன் கம்மி பண்ணி, நீளத்தைக் கூட்டியிருந்தான். தடியான ரப்பர் ஆரம்பத்துல பயங்கரமா உதைக்கும், பாதி வழியில தீர்ந்துடும். மெல்லிசா நீளமா இருந்தா அதிகச் சுத்து ஏறும், கடைசி அடி வரைக்கும் இழுக்கும். அடுத்த வாரம் மூணு ராக்கெட் மேல அவன் பேர் இருந்தது. அவன் தோத்தும் போனான். முகம் கொஞ்சம் வாடினது உண்மை. ஆனா மூணு பேர் ராக்கெட்லயும் தன் பேரைத் தடவிப் பாத்ததையும் நான் பாத்தேன்.

குரோம்பேட்டையிலிருந்து தும்பா

ரெண்டு ராக்கெட் கதையும் சந்திக்கிற ஒரு இடம் இருக்கு. கே.கே. நகர்லருந்து கிண்டி போய், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிச்சா குரோம்பேட்டை. அங்கே எம்.ஐ.டி., 1949-ல சி. ராஜம் ஆரம்பிச்ச கல்லூரி. 1950-கள்ல ராமேஸ்வரத்துப் பையன் ஒருத்தர் விமானப் பொறியியல் படிக்க அங்கே வந்தார். கல்லூரியில பார்வைக்கு வச்சிருந்த ரெண்டு பழைய விமானங்கள் பக்கத்துல மத்தவங்க போன பிறகும் உக்காந்திருப்பாராம். அப்துல் கலாம்.

1963-ல அவரை அமெரிக்காவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினாங்க. நாசாவோட வாலப்ஸ் தீவு ஏவுதளம். வரவேற்பறையில ஒரு ஓவியம் மாட்டியிருந்தது. போர்க்களம், பறக்கிற ராக்கெட்டுகள். ராக்கெட் விடுறவங்க வெள்ளைக்காரங்க இல்ல, நம்ம நிறத்து வீரர்கள். கிட்டப் போய்ப் பாத்தா, திப்புவோட படை. திப்புவோட சொந்த நாடு மறந்ததை உலகத்தோட மறுகோடியில மாட்டி வச்சிருக்காங்களேன்னு அவர் தன் சுயசரிதையில எழுதியிருக்கார். அந்த வருஷமே நவம்பர் 21-ல தும்பாவிலிருந்து இந்தியாவோட முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பினது. ராக்கெட்டும் அமெரிக்காவுலருந்து வந்ததுதான். தேவாலயக் கட்டடத்துல அலுவலகம், சைக்கிள்ல பாகங்கள். புள்ளலூருக்கு அப்புறம் 183 வருஷம்.

இன்னிக்கு நிலைமை வேற. 2024 மே 30-ல, ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல உருவான அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சுல ஒரே துண்டா செஞ்ச இன்ஜினோட ஒரு ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவுலருந்து விட்டது. அதே வருஷம் ஆகஸ்ட் 24-ல, ஈ.சி.ஆர். திருவிடந்தை கடற்கரையிலருந்து ஸ்பேஸ் ஸோன் இந்தியாவோட ரூமி-1 போச்சு. அங்கே வேலை பாக்கிறவங்க நாளைக்கு எங்கேருந்து வருவாங்க? எதையாவது பிரிச்சுப் பாத்த பசங்கள்லருந்துதான் வருவாங்க. அதனால வீட்டுல பசங்களுக்கு ரெடிமேட் கிட் வாங்கிக் கொடுக்கிறவங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள்: நீங்க ஒட்டிக் கொடுக்காதீங்க. கோணலா இருந்தாலும் அவங்களே ஒட்டட்டும். கோணலா ஒட்டினாதான் ஏன் கோணலா போகுதுன்னு தேடுவாங்க. பட்டாசு மருந்தைக் கொட்டி ராக்கெட் செய்யற வேலை மட்டும் வேண்டாம். கை போயிடும். வெடிபொருள் சட்டமும் சும்மா விடாது. ரப்பருக்கு லைசென்ஸ் வேண்டாம்.

முடிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு வேலை. மளிகைப் பொட்டலத்துலருந்து தடியான ரப்பர் பேண்ட் ஒன்னு எடுங்க. சட்டுன்னு இழுத்து, இழுத்தபடியே உதட்டுல வைங்க. சூடா இருக்கும். கொஞ்ச நேரம் இழுத்தே பிடிச்சுட்டு, சட்டுன்னு தளர்த்தி மறுபடியும் வைங்க. ஜில்லுன்னு இருக்கும். ஜான் காஃப்னு, சின்ன வயசுலயே பார்வை போன ஒரு ஆங்கிலேய அறிஞர், 1800-கள்ல உதட்டுல வச்சுத்தான் இதைக் கண்டுபிடிச்சார். ரப்பருக்குள்ள இருக்கிறது சிக்கலான நூல்கண்டு மாதிரிச் சங்கிலிகள். இழுத்தா வரிசையில வந்து நிக்கும், அப்போ வெப்பத்தை வெளியே விடும். விட்டா மறுபடியும் சிக்கலாகும், அப்போ வெப்பத்தை உள்ளே இழுத்துக்கும். பெனோவோட பொம்மையைப் பறக்க வச்சதும், எங்க கார் பார்க்கிங்ல ராக்கெட்டை இழுத்துட்டுப் போறதும் அந்தச் சங்கிலிகள்தான்.

செஞ்சு பாத்துட்டு, பக்கத்துல இருக்கிற யாராவது ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ காட்டுங்க. ஏன்னு கேட்டா சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.